பாதாளத்துச் சட்டங்கள்

பாதாளத்தில் தண்டனையாக ஓயாமல் பாறை உருட்டுகிற சிசிபஸ் ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறான். ரோமக் கவிஞர் ஓவிட் அதை அரை வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விடுகிறார். பாம்பு கடித்து இறந்த மனைவியைத் திருப்பிக் கேட்டு, ஆர்ஃபியஸ் பாதாளத்தில் நின்று யாழ் மீட்டிப் பாடுகிறான். அந்த நேரத்தில் இக்சியோனைக் கட்டிவைத்த சக்கரம் நிற்கிறது. டிட்டியஸின் ஈரலைக் கொத்தும் கழுகுகள் கொத்துவதை விடுகின்றன. சிசிபஸ் தன் பாறை மேலேயே ஏறி உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறான். எத்தனை முறை படித்தாலும் நான் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். காலமெல்லாம் தன்னை வதைத்த கல்லை ஒருவன் ஒரு பாட்டு நேரத்துக்கு நாற்காலியாக்கிக்கொள்கிறான். பாட்டு முடிந்ததும் எழுந்து மறுபடி உருட்டியிருப்பான், பாவம்.

பாட்டு பலித்துவிடுகிறது. மனைவி யூரிடிசியைக் கூப்பிடுகிறார்கள். புதிதாக வந்து சேர்ந்த நிழல்களுக்கு நடுவிலிருந்து அவள் மெல்ல நடந்து வருகிறாள். பாம்பு கடித்த காலில் காயம் இன்னும் இருக்கிறது. செத்த பிறகும் அந்தச் சிறு நொண்டல் போகவில்லை. கூட்டிக்கொண்டு போ, ஆனால் வெளியே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

ஏன் பார்க்கக் கூடாது? ஓவிட் சொல்வதில்லை. அவருக்கு முன்னால், கிமு 29இல் முடித்த தன் உழவுக் கவிதையின் கடைசிப் பகுதியில் இதே கதையைச் சொன்ன வர்ஜிலும் காரணம் சொல்வதில்லை. பாதாளத்து அரசி போட்ட சட்டம், அவ்வளவுதான். ஆனால் ஆர்ஃபியஸ் திரும்பிப் பார்க்கும் இடத்தில் வர்ஜில் கதையை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை முணுமுணுக்கிறார்: மன்னிக்கத் தக்க பிழைதான், பாதாளத்துக்கு மன்னிக்கத் தெரிந்திருந்தால்.

சின்ன வயதில் இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு ஆர்ஃபியஸ் மேல்தான் எரிச்சல் வந்தது. இத்தனை தூரம் வந்தவன் இன்னும் நாலு எட்டு எடுத்து வைத்திருக்கக் கூடாதா? பிறகுதான் தெரிந்தது, இந்த எரிச்சல் இரண்டாயிரம் வருடத்துக்கும் பழையது. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் ஃபீட்ரஸ் என்பவன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். காதலுக்காகச் சாகத் துணியாமல் உயிரோடு உள்ளே நுழையப் பார்த்த கோழை அவன், அதனால் தேவர்கள் அவனுக்கு மனைவியைக் காட்டாமல் வெறும் உருவெளியைக் காட்டி ஏமாற்றி அனுப்பினார்கள் என்கிறான். மனைவியைப் பறிகொடுத்தவன் மேல் ஏன் ஆளாளுக்கு இத்தனை கோபம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பாதாளத்துக்குப் போனவர்கள் கதை என்றால் எனக்குத் தனிப் பைத்தியம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது: எந்த நாட்டுப் பாதாளமானாலும் அங்கே சட்டம் உண்டு. பெரிய அறநெறியெல்லாம் கிடையாது, வாசலில் ஒட்டிவைத்த அறிவிப்புப் போலச் சில்லறைச் சட்டங்கள். சாப்பிடாதே. பார்க்காதே. செருப்புப் போடாதே. பேசாதே.

ஜப்பானில் கிபி 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகி என்ற பழங்கதை நூலில் இஸனாகி தன் மனைவி இஸனாமியைத் தேடி யோமி என்ற இருட்டு உலகத்துக்குப் போகிறான். தீக்கடவுளைப் பெற்றெடுக்கும்போது வெந்து இறந்தவள் அவள். அவன் வந்து கூப்பிட்டதும், "கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா, இந்த ஊர் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டேனே" என்கிறாள். இருந்தாலும் உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன், அதுவரை என்னைப் பார்க்காதே என்று போகிறாள். போனவள் வரவில்லை. அவன் காத்திருந்து காத்திருந்து பொறுமை போய், இடப்பக்கக் கொண்டையில் செருகியிருந்த சீப்பின் ஓரப்பல்லை ஒடித்துக் கொளுத்தி உள்ளே போகிறான். அந்தச் சீப்புப் பல் வெளிச்சத்தில் தெரிவது புழு நெளியும் உடம்பு, அதில் குடியிருக்கும் எட்டு இடித் தெய்வங்கள். "என்னை அவமானப்படுத்திவிட்டாய்" என்று அவள் துரத்த, அவன் ஓடிவந்து எல்லையில் பெரிய பாறையைப் புரட்டி வழியை அடைக்கிறான். பாறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று புருஷனும் பெண்டாட்டியும் கடைசியாகப் பேசிக்கொள்கிறார்கள். நாளுக்கு ஆயிரம் பேரைக் கொல்வேன் என்கிறாள் அவள். நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு பிரசவக் குடில் கட்டுவேன் என்கிறான் அவன். உலகத்தின் ஜனத்தொகைக் கணக்கே ஒரு தம்பதியின் சண்டையில் தீர்மானமாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது சுமேரியர்களின் இனன்னா கதை. களிமண் ஏடுகளில் ஆப்பெழுத்தில் எழுதிய, நாலாயிரம் வருடம் பழமையுள்ள கதை. வானுலகின் அரசி இனன்னா, அக்காள் எரேஷ்கிகல் ஆளும் கீழுலகத்துக்குப் போகிறாள். ஏழு வாசல். வாயிற்காவலன் நெத்தி ஒவ்வொரு வாசலிலும் ஒரு பொருளைக் கழற்றி வாங்கிக்கொள்கிறான். முதலில் மகுடம், பிறகு நீலக்கல் மணிகள், கடைசி வாசலில் ராஜ உடை. ஒவ்வொரு தடவையும் "இது என்ன?" என்று அவள் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: பேசாதே இனன்னா, கீழுலகத்தின் நடைமுறை பிசகாதது, அதைக் கேள்வி கேட்கக் கூடாது. ஏழு வாசலிலும் இந்த வாக்கியம் அப்படியே திரும்ப வருகிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எழுத்தரின் குரலை நாலாயிரம் வருடத்துக்கு முன்பே யாரோ சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

உள்ளே போனவளைப் பிணமாக்கிக் கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள். மூன்று நாள் ஆகிறது. அவளுடைய தோழி நின்ஷுபூர் தேவர் தேவராகப் போய் அழுகிறாள். இரண்டு பேர் கையை விரிக்க, மூன்றாவதாக என்கி இறங்குகிறார். தன் நகக்கண்ணிலிருந்த அழுக்கைக் கிள்ளியெடுத்து இரண்டு பிறவிகளைச் செய்து அனுப்புகிறார். படை வேண்டாம், ஆயுதம் வேண்டாம்; அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். அங்கே எரேஷ்கிகல் வலியில் முனகிக்கொண்டிருப்பாள். அவள் "ஐயோ, என் உள்ளே" என்றால் நீங்களும் "ஐயோ, உன் உள்ளே" என்று சொல்லுங்கள். அவள் "ஐயோ, என் வெளியே" என்றால் "ஐயோ, உன் வெளியே" என்று சொல்லுங்கள். அவ்வளவேதான். சாவின் அரசியிடம் அதுவரை ஒருவரும் அப்படிப் பேசியதில்லை போலிருக்கிறது. அவள் உருகிப்போய் ஆற்றைத் தருகிறேன், விளைந்த வயலைத் தருகிறேன் என்கிறாள். அவர்கள் கொக்கியில் தொங்கும் பிணத்தைக் கேட்கிறார்கள்.

இனன்னா எழுந்துவிடுகிறாள். ஆனால் அங்கிருந்து யாரும் சும்மா வெளியே வர முடியாது, பதிலுக்கு ஓர் ஆள் தர வேண்டும். சேவகப் பேய்கள் கூடவே மேலே வருகின்றன. அழுது புழுதியில் கிடந்த நின்ஷுபூரைக் காட்டி இவளைத் தா என்கின்றன. தரமாட்டேன் என்கிறாள். கடைசியில் கணவன் துமுஸியிடம் வருகிறார்கள். அவன் பகட்டாக உடுத்தி, ஆப்பிள் மரத்தடியில் சிம்மாசனத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான். அவள் ஒரு பார்வை பார்க்கிறாள். இவனைக் கொண்டுபோங்கள்.

இந்த முடிவுப் பகுதி ரொம்ப நாள் கிடைக்காமலே இருந்தது. பின்னால் வந்த அக்காடிய வடிவத்தை வைத்துக்கொண்டு, தெய்வம் செத்துப்போன காதலனை மீட்கத்தான் கீழே போயிருப்பாள் என்று அறிஞர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். சாமுவேல் நோவா கிரேமர் என்பவர் உடைந்த ஏடுகளை வருடக்கணக்காக ஒட்டவைத்துப் படித்தார். ஒரே ஏட்டின் ஒரு பாதி இஸ்தான்புல்லிலும் மறுபாதி பிலடெல்ஃபியாவிலும் கிடந்தது. பொருந்தியதும் தெரிந்தது: மீட்கப் போகவில்லை, அவனை அங்கே அனுப்பியவளே அவள்தான். கணவனுக்காகப் பாதாளம் போன பத்தினி என்று எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில், தான் செத்துக்கிடந்தபோது அழாத கணவனைப் பிடித்துக்கொடுக்கும் மனைவி நிற்கிறாள். எனக்கு அதில் ஒரு ரகசியச் சந்தோஷம், மறைப்பானேன்.

சில்லறைச் சட்டத்துக்கு ஏற்ற சில்லறைப் பிழை. இதைத்தான் நான் தாமதமாகக் கவனித்தேன். ஒரு பார்வை. ஒரு சீப்புப் பல். மாவோரிகளின் வீரன் மாவி, தூங்குகிற மரண தெய்வம் ஹினே-நுய்-தே-போவின் உடம்புக்குள் பிறந்த வழியாகவே நுழைந்து வாய் வழியாக வெளியே வந்துவிட்டால் மனிதருக்குச் சாவே இல்லை என்று துணிகிறான். கூட வந்த பறவைகளிடம் சிரிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தலையை நுழைக்கிறான். அந்தக் கோலத்தைப் பார்த்து விசிறிவால் குருவிக்கு மட்டும் அடக்க முடியவில்லை. சிரித்துவிடுகிறது. அவள் விழித்துக்கொள்கிறாள், மாவி நசுங்கிப்போகிறான். புகாண்டா மக்களின் கதையில் கிண்டு வானுலகத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பூமிக்கு இறங்குகிறான். எதை மறந்தாலும் திரும்பி வராதீர்கள் என்று மாமனார் சொல்லி அனுப்புகிறார். கோழிக்குப் போடும் தானியத்தை மறந்து வந்துவிடுகிறார்கள். அதை எடுக்கப் போன இடத்தில், பெண்ணின் அண்ணன் வாலும்பே பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். வாலும்பே என்பது சாவு. மச்சானாக வந்தவனை வீட்டைவிட்டுப் போகச் சொல்வது எந்த ஊரிலும் லேசில்லை.

ஒரு குருவியின் சிரிப்பு, ஒரு பிடி தானியம். மனித குலம் மொத்தமும் சாவது இதனால்தானாம்.

வட ஐரோப்பாவின் தெய்வம் பால்டர் கதையில் இது இன்னும் கூர்மை. 1220 வாக்கில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி எழுதிவைத்தது. பால்டர் இறந்ததும் அவனை மீட்டுவர ஹெர்மோட் எட்டுக்கால் குதிரையில் ஒன்பது இரவு இருட்டுப் பள்ளத்தாக்குகளில் போகிறான். பொன் வேய்ந்த பாலத்தில் காவல் இருக்கும் மோட்குட் அவனை நிறுத்துகிறாள். "நேற்று ஐந்து கூட்டமாகச் செத்தவர்கள் போனார்கள், நீ ஒருத்தன் போகும்போது பாலம் அதற்குக் குறையாமல் அதிர்கிறதே, உன் முகத்தில் செத்தவன் நிறமும் இல்லையே" என்கிறாள். உயிருள்ளவனின் பாரம் எவ்வளவு என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. செத்தவர்களை ஆளும் ஹெல் போடும் நிபந்தனை: உலகத்தில் எல்லாப் பொருளும் பால்டருக்காக அழுதால் விடுகிறேன். அழுகின்றன. மனிதர், மிருகம், மண், கல், மரம், உலோகம் எல்லாம். குளிரிலிருந்து சூட்டுக்கு வரும்போது அவை இப்போதும் அழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள் என்று ஸ்நோரி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலச் சேர்த்துக்கொள்கிறார். ஒரு குகையில் தோக் என்ற அரக்கி மட்டும் மாட்டேன் என்கிறாள். வறண்ட கண்ணீர்தான் வடிப்பேன், ஹெல் தன்னிடம் உள்ளதை வைத்துக்கொள்ளட்டும். அது சூழ்ச்சிக்காரன் லோகி போட்ட வேஷம் என்று பேச்சு.

உலகமே அழுதும் ஒரு கிழவியால் கெட்டது.

அப்பா போனபோது நான் கார் நிறுத்துமிடத்தில் இருந்தேன். இரண்டு இரவு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன்தான். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, வண்டியிலிருந்து சார்ஜரை எடுத்து வரலாம் என்று இறங்கினேன். சீட்டுக்கு அடியில் விழுந்திருந்தது, துழாவினேன். திரும்பும்போது லிஃப்ட் வரவில்லை. ஆறாவது மாடிக்குப் படியேறி அறைக்குள் வந்தபோது நர்ஸ் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்த பிறகும் மாதக்கணக்கில் என் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது: சார்ஜர் சீட்டுக்கு மேலேயே கிடந்திருந்தால், லிஃப்டுக்காக நிற்காமல் முதலிலேயே படியேறியிருந்தால்.

அந்தக் கணக்கின் நடுவில்தான் ஆர்ஃபியஸ் மேல் எனக்கிருந்த கோபம் தானாகக் கழன்றது. இந்தக் கதைகளில் பிழை ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. சாவின் அளவுக்குப் பெரிய பிழையை எந்த மனிதனாலும் செய்ய முடியாது. பிழை சின்னதாக இருந்தால்தான், மயிரிழையில் தவறிவிட்டது, இதோ கை எட்டும் தூரத்தில் இருந்தது என்று நினைத்துக்கொள்ள முடியும். "பார்க்காமல் இருந்திருந்தால்" என்று ஒரு வாக்கியம் மிச்சமிருக்கிறவரை, சாவு கேள்வி கேட்க முடியாத நடைமுறையாக முழுசாக மாறிவிடுவதில்லை. அந்தச் சட்டத்தைப் பாதாளத்து அரசி போட்டிருக்க மாட்டாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். வெறுங்கையோடு மேலே வந்தவன் வழியில் யோசித்துப் போட்டுக்கொண்டதாக இருக்கும்.

கிரேக்க வீரன் ஒடிசியஸ் கதையில் சட்டம் இதைவிடக் கொடுமை. குழி தோண்டி ஆட்டு ரத்தம் ஊற்றி நிழல்களை அழைக்கிறான். குறி சொல்லும் டைரீசியஸ் குடித்து முடிக்கும்வரை யாரையும் ரத்தத்தை அண்டவிடக் கூடாது. வாளை உருவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வரும் கூட்டத்தில் அவன் அம்மா. போருக்குக் கிளம்பும்போது உயிரோடு விட்டுவந்த அம்மா. இறந்ததே அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. அழுகிறான், ஆனாலும் வாளை விலக்கவில்லை. முறை வந்து அவள் ரத்தம் குடித்ததும்தான் மகனை அடையாளம் தெரிகிறது. எப்படி இறந்தாய் என்று கேட்கிறான். நோய் இல்லை, உன்னை நினைத்து ஏங்கியதுதான் என்கிறாள். மூன்று தடவை கட்டிப்பிடிக்கப் போகிறான், மூன்று தடவையும் கனவு போல நழுவுகிறாள். பிள்ளைகளிடம் இப்படியா பதில் சொல்வது என்று எனக்கு அந்த அம்மா மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஜெயித்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். சாவித்திரி கதையை நமக்குத் தெரிந்த கதை என்று தள்ளி வைத்திருந்தேன். மற்றதையெல்லாம் படித்துவிட்டு வந்து பார்த்தால் புதிதாக இருந்தது. ஆர்ஃபியஸ் முன்னால் நடக்க, இறந்தவள் பின்னால் வருகிறாள். இங்கே சத்தியவானின் உயிரைக் கட்டைவிரல் அளவில் கயிற்றில் கட்டிக்கொண்டு எமன் முன்னால் போக, உயிரோடிருப்பவள் பின்னால் போகிறாள். திரும்பிப் போ, திரும்பிப் போ என்று எமன்தான் சொல்லிக்கொண்டு வருகிறான். அவள் மன்றாடவில்லை. ஏழடி கூட நடந்தவர்கள் நண்பர்கள் என்று ஆரம்பித்துத் தர்மம் பேசுகிறாள். கணவன் உயிரைத் தவிர எதையும் கேள் என்று அவன் வரம் மேல் வரமாகக் கொடுத்துக்கொண்டே போகிறான். மாமனாருக்குக் கண், மாமனாருக்கு ராஜ்ஜியம், அப்பாவுக்கு நூறு பிள்ளை, தனக்கும் சத்தியவானுக்கும் நூறு பிள்ளை. கடைசி வரம் வாங்குவதற்கு முன்பே மரண தேவன் மாட்டிக்கொண்டாயிற்று. இன்னொன்றும் உண்டு: நாரதர் ஒரு வருடம் முன்பே நாள் குறித்துச் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒரு வருடம் அவளுக்குக் கிடைத்திருந்தது.

ஃபின்லாந்தின் கலேவலா காவியத்தில் லெம்மின்கைனன் என்ற வீரனின் அம்மா. மகன் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, செத்தவர்களின் ஊரான துவோனெலாவின் ஆற்றில் கிடக்கிறான். அவள் கொல்லனிடம் பெரிய வாரி ஒன்று அடித்து வாங்கி, ஆற்றில் இறங்கி அரித்துக்கொண்டே இருக்கிறாள். முதலில் சட்டை மாதிரித் துணிகள் வருகின்றன, பிறகு உடம்பு. அங்கங்கே குறைகிறது. ஓர் அண்டங்காக்கை வந்து, இதில் இனி மனுஷன் இல்லை, ஆற்றிலேயே போடு, மீனாகட்டும் என்கிறது. காதில் வாங்காமல் மறுபடி அரிக்கிறாள். எலும்போடு எலும்பு, நரம்போடு நரம்பு சேர்த்து, வானுலகம்வரை தேனீயை அனுப்பித் தேன் வரவழைத்துத் தடவுகிறாள். மகன் எழுந்து, "ரொம்ப நேரம் தூங்கிவிட்டேன் போல" என்கிறான். நான் இல்லாவிட்டால் இன்னும் தூங்கியிருப்பாய் என்கிறாள் அம்மா. இந்தக் கதையில் சட்டம் என்று ஒன்றும் கிடையாது, இருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

கடைசியாக ஒன்று. சுமேரிய அரசன் கில்காமேஷின் பந்தும் மட்டையும் கீழுலகத்தில் விழுந்துவிடுகின்றன. நான் எடுத்து வருகிறேன் என்று அவன் நண்பன் என்கிடு கிளம்புகிறான். கில்காமேஷ் சட்டங்களை ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்புகிறான். சலவை உடுப்பு உடுத்தாதே, எண்ணெய் பூசாதே, செருப்புப் போடாதே, பிடித்த மனைவியை முத்தமிடாதே, பிடித்த பிள்ளையை முத்தமிடாதே. என்கிடு அத்தனையையும் செய்கிறான். கீழுலகம் அவனைப் பிடித்துக்கொள்கிறது. கில்காமேஷ் தெய்வங்களிடம் அழ, தரையில் ஒரு துவாரம் திறந்து நண்பனைக் காற்றைப் போல மேலே வரவிடுகிறார்கள். கட்டிக்கொள்கிறார்கள், முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அவ்வளவு சொல்லியனுப்பினேனே, ஏன் கேட்கவில்லை என்று கில்காமேஷ் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கீழே இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் ஒவ்வொருவராக விசாரிக்கிறான். ஒரு மகன் உள்ளவனைப் பார்த்தாயா? பார்த்தேன், சுவரில் அறைந்த முளையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறான். இரண்டு மகன் உள்ளவனை? இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். இப்படியே ஏழுவரை போகிறது. பிறகு கேட்கிறான்: பிறக்கும்போதே இறந்துபோன குழந்தைகள், தாங்கள் இருந்ததையே அறியாத குழந்தைகள், அவர்களைப் பார்த்தாயா?

பார்த்தேன். பொன்னும் வெள்ளியுமான மேசையில், தேனும் நெய்யும் வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.